கழித்தல் தெரிந்தால் ஊர் தெரிந்துவிடுமா?

எதிராளியின் வாதத்தை முழுதாக எடுத்துரைத்த பிறகே மறுப்பில் இறங்க வேண்டும் என்பது அருணந்தி சிவாச்சாரியார் காலத்து நாகரிகம். சிவஞான சித்தியாரில் பரபக்கம் முன்னே வரும். சுபக்கம் பின்னே வரும். ஊர் உறவுகளை விளக்க ஒரு கழித்தல் கணக்கே போதும் என்று எழுதியிருக்கும் நம் கட்டுரையாளருக்கும் அந்த மரியாதையைச் செய்துவிடுவோம். தனக்கு முன்னால் இதே கேள்வியோடு மல்லுக்கட்டிய ஒருவருக்கும் அவர் அதைச் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

அவர் சொல்வது இது. ஊரில் உள்ளவர்களைக் கணுக்களாகவும் அவர்களுக்கிடையிலான உறவுகளை இணைப்புகளாகவும் கொண்டு ஒரு வலையமைப்பை வரையுங்கள். ஒவ்வொரு கணுவுக்கும் நிலம், படிப்பு, வயது, சாதி என்று பண்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இருவரை எடுத்தாலும் ஒருவர் பண்பிலிருந்து மற்றவர் பண்பைக் கழித்து, கூட்டல் கழித்தல் குறியைத் தூக்கி எறிந்துவிட்டு, மிஞ்சும் எண்ணைப் புள்ளியியல் மாதிரிக்குள் போடுங்கள். வேறுபாடு சிறுத்தால் உறவு பெருகும். பெருத்தால் உறவு அருகும். அவ்வளவுதான் ஊர். சாதி என்பது நிலத்திலும் படிப்பிலும் உள்ள வேறுபாட்டின் மறுபெயர் என்பதால் அவை இரண்டும் உள்ளே வந்த பிறகு சாதிக்கு மாதிரியில் வேலை இல்லை. இவற்றுக்கெல்லாம் சாட்சி உத்திரமேரூர். அங்கே ஒத்தவர்கள் ஒத்தவர்களைத் தேர்ந்தெடுத்ததைக் கல்வெட்டே சொல்கிறது. பரபக்கம் முடிந்தது. உத்திரமேரூரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவர் அந்த ஊரில் ஒரு வீட்டுக் கதவையாவது தட்டினாரா, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருப்பதை இரண்டு வரியாவது படித்தாரா என்ற சந்தேகத்தோடு சுபக்கத்துக்கு வருகிறேன்.

வேறுபாடு குறைந்தால்தான் உறவு என்பது அவருடைய முதல் தூண். ஏரிப் பாசனம் உள்ள எந்த ஊரிலும் மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டியை அவர் பார்த்திருந்தால் இந்தத் தூணை நட்டிருக்க மாட்டார். நிலமே இல்லாத, அல்லது துண்டு நிலம் மட்டும் வைத்திருக்கும் அந்த மனிதருக்குத் தலைமடைக்காரரிலிருந்து கடைமடைக்காரர் வரை ஆயக்கட்டில் உள்ள அத்தனை பேரோடும் தொடர்பு உண்டு. ஊரிலேயே அதிக இணைப்புள்ள கணு அவராகக்கூட இருக்கலாம். அவருடைய இணைப்பு ஒவ்வொன்றிலும் நில வேறுபாடு மலைபோல நிற்கும். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கூப்பிடும் உறவு, விதைநெல்லுக்குக் கடன் வாங்கும் உறவு, வட்டிக்குக் கொடுக்கும் உறவு என்று எதை எடுத்தாலும் அது பிறப்பதே வேறுபாட்டிலிருந்துதான். இதைக் கட்டுரையாளரின் இயந்திரத்தில் போட்டால் என்ன வரும்? வேறுபாட்டின் கெழு நேர்க்குறியில் வரும். ‘இந்த ஊரில் ஏற்றத்தாழ்வைத் தாண்டி மனிதர்கள் கைகோத்திருக்கிறார்கள்’ என்று அவர் அடுத்த கட்டுரை எழுதிவிடுவார். கூலி கொடுப்பவரும் கூலிக்கு நிற்பவரும் கைகோத்தார்களாம்!

குறியைத் தூக்கி எறிந்ததன் கூலி இது. பத்து ஏக்கர்காரர் ஒரு ஏக்கர்காரருக்குக் கடன் கொடுத்தாலும் வேறுபாடு ஒன்பது. ஒரு ஏக்கர்காரர் பத்து ஏக்கர்காரரிடம் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று யோசனை கேட்கப் போனாலும் வேறுபாடு ஒன்பது. கடன் மேலிருந்து கீழே வருகிறது, பணிவு கீழிருந்து மேலே போகிறது என்பதை அந்த ஒன்பது சொல்லுமா? அதிகாரத்துக்குத் திசை உண்டு. திசையை அழித்த பிறகு எஞ்சுவது தூரம் மட்டுமே. தூரத்தை வைத்து யார் யாரை நிற்க வைத்துப் பேசுகிறார் என்று கண்டுபிடித்தவர் எவரும் இல்லை.

இந்த ஆட்சேபம் வரும் என்று கட்டுரையாளரும் மோப்பம் பிடித்திருக்கிறார். அதனால்தான் போகிற போக்கில், வேண்டுமானால் குறியோடும் போட்டுக்கொள்ளலாம், கொடுப்பவரின் நிலம், வாங்குபவரின் நிலம், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால் இன்னும் ‘முழுமை’ என்கிறார். மூன்றாவது என்பது முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதானே ஐயா? ஒன்று மற்ற இரண்டால் ஆனதாக இருக்கும்போது மூன்றுக்கும் தனித்தனிக் கெழு கேட்டால், விடையாக எண்ணற்ற தொகுதிகள் பொருந்தும். மென்பொருள் ஒன்றைச் சத்தமில்லாமல் கழற்றிவிடும் அல்லது படுத்துவிடும். திசையற்ற வலையமைப்பிலோ நிலைமை இன்னும் பரிதாபம்: யாரிடமிருந்து யாரைக் கழிப்பது என்பதே பட்டியலில் யார் பெயர் முதலில் வந்தது என்பதைப் பொறுத்தது. பன்னிரண்டாம் வகுப்புப் புள்ளியியல் மாணவர் சொல்லிவிடக்கூடிய இதைத் தெரியாமல் ‘முழுமை’ என்று எழுதுபவரை என்ன செய்வது?

சரி, குறி வேண்டாம், தூரம் மட்டும் போதும் என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தூரமாவது தான் சொல்வதாகச் சொல்லிக்கொள்வதைச் சொல்கிறதா? நூறு பேர் உள்ள ஒரு கற்பனை ஊரில் 99 பேருக்கு ஆளுக்கொரு ஏக்கர், ஒருவருக்கு மட்டும் 50 ஏக்கர். மொத்தம் 4,950 சோடிகள். அவற்றில் 4,851 சோடிகளில் வேறுபாடு பூஜ்யம். மிச்சமுள்ள 99 சோடிகளிலும் அந்தப் பண்ணையார் உட்கார்ந்திருக்கிறார். எனவே இந்த ஊரில் வேறுபாட்டின் கெழு என்பது பண்ணையார் வீட்டுத் திண்ணையில் எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. அவர் ஊரோடு ஒட்டி வாழ்பவராக இருந்தால் ‘எதிரெதிர் ஈர்க்கும்’ என்று முடிவு வரும். சென்னையில் குடியேறிவிட்டவராக இருந்தால் ‘இனம் இனத்தோடு சேரும்’ என்று வரும். ஒற்றை மனிதரின் சுபாவம் ஊர் முழுவதற்குமான சமூக விதியாகிவிட்டது! நிலம் சிலரிடம் குவிந்து கிடக்கும் எந்த ஊரிலும் இதே விபத்து சற்று மங்கலாக நடக்கும்.

காரணம் சாதாரண இயற்கணிதம். குறியை அழிக்கும் இன்னொரு வழியான வேறுபாட்டின் வர்க்கத்தை விரித்தால் முதலாமவரின் வர்க்கம், இரண்டாமவரின் வர்க்கம், இருவரின் பெருக்கல் ஆகிய மூன்றும் உள்ளே இருப்பது தெரியும். யாருக்குப் பொதுவாகவே இணைப்பு அதிகம், யாரிடம் எல்லோரும் போகிறார்கள் என்பவற்றைத் தனியாகக் கணக்கில் எடுக்காமல் வேறுபாட்டை மட்டும் தனியே போட்டால், அந்த இரண்டின் பாரத்தையும் வேறுபாடு தலையில் சுமந்து பொய்ச்சாட்சி சொல்லும். டாம் ஸ்னைடர்ஸும் அலெஸ்ஸாண்ட்ரோ லோமியும் 2019இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள். எண்ணால் அளக்கும் பண்பு ஒன்று உறவில் வேலை செய்வதற்கு நான்கு வழிகளாவது உண்டு என்று அதில் பிரித்துக் காட்டினார்கள்: தன்னைப் போன்றவரை நாடுவது, தன்னைவிட உயர்ந்தவரை நாடுவது, ஊர் மெச்சும் அளவில் இருப்பவரை நாடுவது, பண்பு கூடக்கூடத் தானே அதிகம் பழகுபவராக ஆவது. நான்கையும் பிரிக்க வேறுபாட்டின் வர்க்கத்தோடு இருவரின் பண்புகளும் அவற்றின் வர்க்கங்களும் சேர்ந்தே மாதிரியில் இருக்க வேண்டும் என்றார்கள். நான்கு வழிகளை ஒரு கழித்தலில் மூட்டைகட்டி, மேலே ‘ஒத்தார் உறவு’ என்று சீட்டு ஒட்டியிருக்கும் நம்மவர், அந்தக் கட்டுரையின் தலைப்பே ஒத்தார் உறவுக்கு அப்பால் போகச் சொல்கிறது என்பதையாவது கவனித்திருக்கலாம்.

அளவுகோலின் கோளாறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலமற்றவருக்கும் அரை ஏக்கர்காரருக்கும் வேறுபாடு 0.5. பத்து ஏக்கர்காரருக்கும் பத்தரை ஏக்கர்காரருக்கும் வேறுபாடு அதே 0.5. கணக்கில் இரண்டும் ஒன்று, ஊரில் ஒன்றா? அரை ஏக்கர்காரரிடம் பட்டா இருக்கிறது, சிட்டா அடங்கல் எடுக்க முடியும், அதைக் கொண்டுபோய்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்க முடியும். நிலமற்றவருக்கு அந்தப் படி ஏறும் வழியே இல்லை. இது அளவில் உள்ள வேறுபாடு இல்லை, வகையில் உள்ள வேறுபாடு.

அடுத்தது, ஒத்தவரோடு சேர்வது மனித ‘இயல்பு’, ‘விருப்பம்’ என்ற தத்துவம். பால் லசார்ஸ்ஃபெல்டும் ராபர்ட் மெர்ட்டனும் 1954இல் இந்தப் போக்குக்குப் பெயர் வைத்தபோதே அதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட விஷயங்கள் இருப்பதைப் பார்த்தார்கள். 2001இல் மில்லர் மெக்பர்சனும் தோழர்களும் அத்துறையைத் தொகுத்து எழுதியபோது, யார் அருகில் கிடைக்கிறார்கள் என்பதாலேயே நேரும் ஒற்றுமை வேறு, அதற்கு மேல் மிஞ்சும் ஒற்றுமை வேறு என்று தெளிவாகப் பிரித்தார்கள். நூறு பேரில் 80 பேர் ஒரு சாதி, 20 பேர் இன்னொரு சாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் யாரையும் விரும்பாமல் வெறுக்காமல் சீட்டுக் குலுக்கி உறவு அமைத்தாலும் 4,950 சோடிகளில் 3,350 சோடிகள் ஒரே சாதிக்குள் விழும்; அதாவது ஏறத்தாழ 68 சதவீதம். பெரிய சாதிக்காரர் தன் உறவுகளில் எண்பது சதவீதம் தன் ஆட்களோடு என்றால் அதில் விருப்பத்தின் வாசனைகூட இல்லை. வெறும் தலை எண்ணிக்கை. சிறிய சாதிக்காரரின் உறவுகளில் பாதி தன் ஆட்களோடு என்றால் எதிர்பார்க்க வேண்டிய 19 சதவீதத்தைப் போல அது இரண்டரை மடங்கு. முதலாமவரை ‘சாதிப் பற்றாளர்’, இரண்டாமவரை ‘திறந்த மனத்தினர்’ என்று நம் கட்டுரையாளரின் கணக்கு சான்றிதழ் கொடுக்கும். உண்மை அப்படியே தலைகீழ்.

அந்த இரண்டரை மடங்கும் விருப்பமா? காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமத்தில் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் வயலோ ஓடையோ சாலையோ என்று இருக்கும் அமைப்பைப் பார்த்த எவரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவது விருப்பம் என்றால், பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கலாம் என்பதை முடிவு செய்தது யார்? கலப்பு மணத்துக்கு வெட்டு விழும் நாட்டில் ஒரே சாதிக்குள் நடக்கும் திருமணங்களை எண்ணி ‘விருப்பம்’ என்று பெயர் வைப்பவர், சிறைக்கைதிகள் சுவருக்குள்ளேயே நண்பர்களைத் தேடிக்கொள்கிறார்கள் என்று வியக்கவும் தயங்க மாட்டார். 1989இல் தருமபுரியில் ஐஃபாட் எனும் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுத் திட்டத்தையும் பாருங்கள். 12 முதல் 20 பெண்கள், ஒரே குடியிருப்பு, ஏறக்குறைய ஒரே பொருளாதார நிலை என்பது குழு அமைக்கும் நெறிமுறையிலேயே உள்ளது. அந்தக் குழுவுக்குள் வேறுபாடு குறைவாக இருப்பதை மனித இயல்பின் நிரூபணமாகக் காட்டுவது, அரசாணையைப் படித்துவிட்டு இயற்கை விதி என்று கூவுவதல்லாமல் வேறென்ன?

இப்போது அவருடைய மணிமகுடத்துக்கு வருகிறேன்: சாதி. ஒரு பக்கத்தில் சாதிக்கு வேலையில்லை என்கிறார். அடுத்த பக்கத்தில் சாதிகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்துக் கழிக்கிறார். வேலையில்லாத ஆளுக்கு எண் எதற்கு? மூன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரண்டு என்பதற்கு நிலத்தில் ஒரு பொருள் உண்டு, வயதில் உண்டு. சாதியில் அதன் பொருள் என்ன? அந்த எண் வரிசையை அவருக்குக் கொடுத்தது யார்? பெயர்வகைப் பண்புகளைக் கழிக்கக் கூடாது, ஒன்றா வேறா என்று மட்டும் கேட்க வேண்டும், அதையும் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே கேட்பது நல்லது, முடிந்தால் எந்த வகை எந்த வகையோடு எவ்வளவு என்று முழு அட்டவணையும் போட வேண்டும் என்பது இத்துறையின் அரிச்சுவடி. அதை மீறி ஏணி போட்டவர், அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று தோலுரித்த அதே ஏணியைப் ‘புறவய அளவீடு’ என்ற போர்வையில் தரவுக்குள் நுழைத்திருக்கிறார். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும். எனக்கு இரண்டும் ஆறுதலாக இல்லை.

நிலத்தையும் படிப்பையும் சேர்த்துவிட்டால் சாதியின் கெழு ஒன்றுமில்லாமல் போகும் என்ற சோதிடத்தையும் பார்த்துவிடுவோம். நிலம் எப்படி வந்தது? உத்திரமேரூரும் அன்று அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையே 1892இல் அவர்களுக்கென்று நிலம் ஒதுக்கும் அரசாணைக்கு வழி செய்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது அதைத்தான். அப்படி ஒதுக்கிய நிலமும் கைமாறிப் போய், அதைத் திரும்பக் கேட்டு நூறாண்டு கழித்துப் போராடியபோது, 1994இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். யாரிடம் நிலம் இல்லை என்பதைச் சாதி தீர்மானித்தது. பிறகு அந்த நிலத்தை மாதிரிக்குள் போட்டுவிட்டு, ‘பார்த்தீர்களா, சாதிக்கு மிச்சம் ஒன்றும் இல்லை’ என்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. காரணம் செயல்படும் வழியைக் கட்டுப்பாட்டு மாறி என்று அடைத்துவிட்டுக் காரணத்தைக் காணவில்லை என்று சொல்வதற்குப் புள்ளியியல் எதற்கு?

இவ்வளவு பிழையிலும் அவருக்கு ஒரு தைரியம்: ஆயிரக்கணக்கான சோடிகள், பொருண்மைச் சோதனையில் நட்சத்திரம் நட்சத்திரமாக முடிவுகள் கிடைக்கும் என்கிறார். நூறு பேரிடம் கேட்டால் 4,950 சோடிகள் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் வாயைத் திறந்தது நூறு பேர்தான். ஒவ்வொருவரும் 99 சோடிகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறார். அவற்றைச் சார்பற்ற தனித் தரவுகளாக எண்ணி லாஜிஸ்டிக் தொடர்புப்போக்கில் தள்ளினால் நட்சத்திரங்கள் கொட்டத்தான் செய்யும். டேவிட் கிராக்ஹார்ட் 1988லேயே இதற்கு வரிசை மாற்றிக் குலுக்கும் சோதனையைக் கொடுத்தார். எக்ஸ்பொனென்ஷியல் ரேண்டம் கிராஃப் மாதிரி என்னும் பெரிய ஆயுதமே, ஓர் இணைப்பு இன்னோர் இணைப்பைப் பொறுத்தது என்ற உண்மையை எதிர்கொள்ளப் பிறந்ததுதான். என் மாமன் மகனின் கூட்டாளி எனக்கும் கூட்டாளி ஆவது, நாங்கள் இருவரும் ஒத்தவர்கள் என்பதால் இல்லை. நடுவில் மாமன் மகன் நிற்பதால். இந்த முக்கோணங்களைக் கணக்கில் கொள்ளாவிட்டால் ஒத்தார் உறவின் கெழு ஊதிப் பெருகும் என்பதைக் குட்ரோ, கிட்ஸ், மாரிஸ் மூவரும் அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் நட்புகளை வைத்து 2009இல் காட்டினார்கள். பங்காளி, சம்பந்தி, மாமன் மச்சான் என்று முக்கோணங்களாலேயே பின்னிக் கிடக்கும் தமிழ்நாட்டுக் கிராமத்தில் அந்த ஊதல் எவ்வளவு இருக்கும் என்று யோசிக்க ஆராய்ச்சி தேவையா?

உறவு என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கொட்டியதும் அதே சோம்பலின் விளைவு. அபிஜித் பானர்ஜியும் குழுவினரும் கர்நாடகத்தில் 75 கிராமங்களில் தரவு எடுத்தபோது பன்னிரண்டு வகை உறவுகளைத் தனித்தனியே கேட்டார்கள்: யார் வீட்டுக்குப் போவீர்கள், யாரிடம் அரிசி மண்ணெண்ணெய் கைமாற்று வாங்குவீர்கள், யாரோடு கோயிலுக்குப் போவீர்கள் என்று. நம் தெற்குச் சீமையில் இரண்டு கிராமங்களில் தங்கி ஆய்ந்த எலினார் பவர், வெளிப்படையாக வழிபடுவோருக்கும் பெரும் நேர்த்திக்கடன் செலுத்துவோருக்கும் உதவி உறவுகள் கூடுதலாக வாய்க்கின்றனவா என்று மற்ற காரணங்களையும் சேர்த்தே சோதித்து 2017இல் எழுதினார். பண்பு ஒன்று ஒருவருக்கு மதிப்பையே கொண்டுவரலாம், வெறும் ஒற்றுமை மட்டும் அங்கே பேசுவதில்லை என்பது அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. ஊருக்குள் போனவர்களுக்குக் கேள்விகள் பெருகுகின்றன. போகாதவருக்கு ஒரு கழித்தலில் வேலை முடிகிறது.

ஒத்தவர்கள் சேர்ந்திருப்பதைக் கண்டதும், ஒருவரை மாற்றினால் கூட இருப்பவரும் மாறுவார் என்று தாவிக் குதித்து, செல்வாக்குள்ள ஒருவரைப் பிடித்தால் ஊரையே திருத்திவிடலாம் என்று ஆலோசனையும் வழங்குகிறார். ஒத்தவர் என்பதால் சேர்ந்தார்களா, சேர்ந்ததால் ஒத்தவர் ஆனார்களா? திருக்குறளில் ‘சிற்றினம் சேராமை’ அதிகாரத்தின் முதல் குறள் பெரியவர் எந்தக் கூட்டத்தை விட்டு விலகுவார், அற்பர் எதைச் சுற்றமாக்கிக்கொள்வார் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது குறள் சேர்ந்த கூட்டத்தால் அறிவு எப்படித் திரியும் என்பதைச் சொல்கிறது. முன்னது தேர்வு, பின்னது தாக்கம். வள்ளுவர் இரண்டையும் தனித்தனிக் குறளில் வைத்தார். ஒரே காலத்தில் எடுத்த ஒற்றைப் படம் இருக்கட்டும், காலம்தோறும் வெறுமனே கவனித்து எடுத்த தரவிலிருந்துகூட இவற்றைப் பொதுவாகப் பிரிக்க முடியாது என்று ஷலீஸியும் தாமஸும் 2011இல் கணித மொழியில் எழுதினார்கள். இரு தரப்பின் பேச்சும் நம்மவர் காதில் ஏறவில்லை.

கடைசியாக, அவர் அழைத்து வந்த சாட்சியையே விசாரிப்போம். சோழன் முதலாம் பராந்தகன் காலத்தில் 919லும் 921லும் பொறித்தவை உத்திரமேரூர்க் கல்வெட்டுகள். ‘ஒத்தவர் ஒத்தவரைத் தேர்ந்தெடுத்தார்கள்’ என்கிறார் கட்டுரையாளர். குடும்பு என்னும் முப்பது ஊர்ப் பிரிவுகள், குடும்புக்குக் குடும்பு தகுதியானோரின் பெயர் ஓலைகள், ஊர் கூடியிருக்க, குடத்தைத் தூக்கிக் காட்ட, உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க, மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த கையில் அதை வாங்கிப் படிக்க, இப்படித்தான் சபையின் வாரியங்களுக்கு ஆள் அமைந்தார்கள். குழந்தை எடுத்த சீட்டில் ஒத்தவரை நாடும் விருப்பம் எங்கிருந்து வந்தது? விருப்பம் நுழையக் கூடாது என்பதற்காகவே அமைத்த முறையை விருப்பத்துக்குச் சாட்சியாக நிறுத்துவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

பண்புகளைக் கையாளுவதிலும் அந்தச் சபை நம்மவரைவிட ஆயிரத்து நூறு ஆண்டு முன்னால் நிற்கிறது. வேட்பாளர் வயது முதல் கல்வெட்டில் 30க்கு மேல் 60க்குள், இரண்டே ஆண்டில் அது 35க்கு மேல் 70க்குள் என்று திருத்தம் பெற்றது. வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். வேதம் ஒன்றும் பாஷ்யம் ஒன்றும் கற்று எடுத்துரைக்கக்கூடியவருக்கு அரைக்கால் வேலி போதும். அதாவது, நிலம் வாசற்படிபோல வேலை செய்யும் பண்பு, அதன் எடை கல்வியைப் பொறுத்து மாறும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உறவு வலையையும் அவர்கள் விடவில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமில்லாமல் அவருடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், உடன்பிறந்தார், மாமனார், மைத்துனர், மருமகன், தகப்பன், மகன் என்று சுற்றம் முழுவதும் குடத்துக்கு வெளியே. ஊழல் இணைப்புகள் வழியே பரவும் என்று தெரிந்து, கணுவோடு அதன் அண்டைக் கணுக்களையும் நீக்கிய அறிவு அது.

இதைச் சொல்வதால் நான் அந்தச் சபைக்குக் காவடி எடுக்கிறேன் என்று யாரும் மகிழ வேண்டாம். உத்திரமேரூர் அன்று பிரமதேயம், பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். வேதம் தெரிந்திருக்க வேண்டும், நிலம் இருக்க வேண்டும் என்ற வாசலில் உழுதவர், நெய்தவர், பெண்கள், சேரியில் இருந்தவர் எல்லோரும் நின்றுவிட்டார்கள். குடத்துக்குள் வேறுபாடு சிறுத்திருந்தது. ஏனென்றால் பெரிய வேறுபாடுகள் குடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தன. வலையமைப்பின் எல்லையை எங்கே போடுவது என்பதே முடிவில் பாதியைத் தீர்மானித்துவிடும் என்று லௌமன், மார்ஸ்டன், பிரென்ஸ்கி 1983இல் எழுதியது சரியாக இதைப் பற்றித்தான். வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கணுக்களே இல்லை. கணு இல்லாதவரோடு யாருக்கும் வேறுபாடு இல்லை. கட்டுரையாளரின் சமத்துவம் இந்த வகையைச் சேர்ந்தது.

அப்படியானால் இந்தக் கழித்தல் யாருக்கு இனிக்கிறது? 2020 டிசம்பர் 10இல் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரே உத்திரமேரூரின் பெயரைச் சொன்ன பிறகு, ஊரைப் பற்றி இனிப்பாக எழுதினால் கேட்க ஆள் இருக்கிறது. ஜனநாயகத்தின் பிறப்பிடத்தில் சாதி ஒரு கெழுவாகக்கூட மிஞ்சவில்லை என்று எண்ணோடு சொன்னால் அந்தப் பெருமை விஞ்ஞானப் பெருமையாகிவிடுகிறது. திட்டம் போடுபவருக்கும் வசதி: நிலம் யாரிடம் போனது என்று கேட்க வேண்டாம், காலனிக்குச் சாலை ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம், ‘செல்வாக்குள்ள’ ஒருவரைப் பிடித்தால் போதும். கணக்கு எளிதாக இருப்பதால் அவர் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று முதலில் நினைத்தேன். கணக்கு எதையெல்லாம் கேட்க விடாது என்பதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

வேறுபாட்டை அளக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அளக்காமல் தீண்டாமையைக்கூட நிரூபிக்க முடியாது. ஆனால் இனி யாராவது ஒரு கெழுவைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் ஊரை உங்களுக்கே விளக்க வந்தால், அதன் பக்கத்தில் உள்ள நட்சத்திரங்களை எண்ணாதீர்கள். யாரையெல்லாம் கணுவாக எண்ணினீர்கள், யாரை விட்டீர்கள், எந்த உறவைக் கேட்டீர்கள், அதன் திசை எங்கே, சேராதவர்கள் சேர விரும்பாதவர்களா சேர விடப்படாதவர்களா என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவர் ஊரை ஆராயவில்லை. ஊரின் வாயை அடைத்திருக்கிறார்.